கொரியா சென்ற ஆங்கில ஆசிரியர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வட்டத்தார் எனக்கு வழங்கிய தலைப்பு 'தமிழும் கொரிய மொழியும்' என்பது. இத்தலைப்பைக் கண்டு நீங்கள் எதனை எதிர்பார்த்து வந்திருக்கிறீர்கள் என்பதை நான் அறிவேன். கொரியரும் தந்தையை 'அப்பா' என்றே அழைக்கின்றனர். தாயை 'ஒம்மா' என்கின்றனர். நமக்கு 'நான்', அவர்க்கு 'நா'. நமக்கு 'நீ', அவர்க்கு 'நொ'. நமக்கு 'நாள்', அவர்க்கு 'நல்'. புல்லை அவர்களும் 'புல்' என்றே சொல்கின்றனர். இவ்வாறு அடுக்கிக்கொண்டே போனால் இவ்வரங்கில் கைதட்டல் எழும் என்பதில் ஐயமில்லை. பின்வரிசையில் எழும் சிரிப்பொலியின் காரணமும் எனக்குத் தெரியும். கொரியத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துப் பார்த்து, இச்சொற்களையெல்லாம் என்னைவிட நன்றாக ஒலிக்கக் கூடியவர்கள் அங்கே இருக்கின்றனர்.

இப்பட்டியல் எத்தனையோ ஆண்டு மலர்களில் அச்சாகிவிட்டது. அதனைப் படித்து மகிழ்கின்ற நாம், இவ்வொப்புமையை ஒரு முழு நூலாக எழுதி வெளியிட்ட மனிதர் யார், அவர் எதற்காகக் கொரியாவிற்குச் சென்றார், அங்கே எவ்வாறு வாழ்ந்தார் என்று கேட்டதில்லை. அவர் மொழியியல் அறிஞராக அங்கே செல்லவில்லை. ஆங்கிலம் கற்பிக்கும் இளம் ஆசிரியராகச் சென்றார். ஆகவே வட்டத்தாரின் இசைவோடு, தலைப்பைச் சற்றே நகர்த்தி, அந்த ஆசிரியரைப் பற்றியே இன்று மிகுதியும் பேச விரும்புகிறேன். சொற்பட்டியலுக்கும் பின்னர் வருவேன். ஆனால் அது உங்களுக்கு உவப்பாக இருக்கும் என்று உறுதி கூற இயலாது.

அவர் பெயர் ஹோமர் பெசலீல் ஹல்பர்ட். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1863ஆம் ஆண்டு பிறந்தவர். டார்ட்மத் கல்லூரியில் 1884இல் பட்டம் பெற்றவர். 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இருபத்துமூன்று வயதில், கில்மோர், பங்கர் என்னும் வேறு இருவரோடு கொரிய மண்ணில் கால் வைத்தார்.

1886 என்னும் ஆண்டைச் சற்று நினைவிற் கொள்ளுங்கள். அவ்வாண்டில்தான் போப்பையரின் திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு இலண்டனில் வெளிவந்தது. அவ்வாண்டில்தான் நம் புதுக்கோட்டையில் இராமச்சந்திரத் தொண்டைமான் மறைய, பத்து வயதுச் சிறுவரான மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அரசுரிமை எய்தினார். சேஷையா சாஸ்திரியார் ஆட்சியை நடத்த, கிராஸ்லி என்னும் ஆங்கிலேயர் இளைய அரசருக்கு ஆசானாக அமைந்தார். அங்கே கொரிய அரசர் தம் நாட்டு உயர்குடி இளைஞர்க்கு ஆங்கிலம் கற்பிக்க அமெரிக்கரை வரவழைத்தார். இங்கே ஓர் இளைய அரசர்க்கு ஆங்கிலேயர் ஒருவர் பாடம் சொன்னார். பிற்காலத்தில் நம் அரசர் மேலைநாட்டு வாழ்க்கையிலேயே ஈடுபட்டு, 1915இல் ஆஸ்திரேலியப் பெண்மணியை மணந்து, 1928இல் பாரிஸ் நகரில் காலமானார். ஆசானைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அரசரின் வாழ்க்கைக்கு வேறு காரணங்கள் பல. இங்கே மாணவர் ஆசிரியரின் உலகிற்குச் சென்றார். கொரியாவிலோ ஆசிரியர் மாணவரின் உலகிற்குள் நுழைந்தார். எனக்கு வியப்பளிப்பது இந்தத் திசை மாற்றமே.

கொரியா நெடுங்காலம் வெளிநாட்டார்க்குக் கதவடைத்திருந்த நாடு. 1882இல் அமெரிக்காவோடு உடன்படிக்கை ஏற்பட்டது. புதிய கல்வி வேண்டும் என்று விரும்பிய அரசர் கோஜோங் அமெரிக்காவிடம் ஆசிரியர்களைக் கேட்டார். 1884 டிசம்பரில் தலைநகரில் மூண்ட அரசியற் கலகத்தால் அவ்வேற்பாடு தள்ளிப்போய், 1886 செப்டம்பரில்தான் அரசுப் பள்ளி திறக்கப்பட்டது. மாணவர்கள் 'யாங்பான்' எனப்படும் உயர்குடியினர். சிலர் ஏற்கெனவே அரசுப் பதவியில் இருந்தவர்கள். ஆங்கிலம் என்பது அவர்களுக்குப் பதவிக்கான படிக்கட்டு. தொடக்கத்தில் இருந்த ஆர்வம் நாளடைவில் குன்றியது. 1894 அளவில் பள்ளியே மூடப்பட்டது. பள்ளியை வைத்து மட்டும் அளந்தால் ஹல்பர்ட்டின் பணி தோல்வியென்றே முடிவு கட்டவேண்டும்.

ஆனால் பள்ளிக்கு வெளியே வேறொன்று நடந்தது. ஆசிரியராக வந்தவர் மாணவராக மாறினார். வந்த சில நாள்களிலேயே கொரிய மொழி கற்கத் தமக்கென ஓர் ஆசிரியரை அமர்த்திக்கொண்டார். நான்கே நாள்களில் கொரிய எழுத்தைப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டார் என்பர். கற்ற சில நாள்களிலேயே ஒரு செய்தி அவரைத் திகைக்க வைத்தது. இவ்வளவு எளிய, இவ்வளவு செம்மையான எழுத்தைக் கொரிய நாட்டுக் கற்றோரே இழிவாகக் கருதினர்!

இவ்விடத்தில் அந்த எழுத்தைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இது இனிய பகுதி.

கொரிய எழுத்திற்கு இன்று ஹங்குல் என்று பெயர். சேஜோங் என்னும் அரசர் 1443இல் வகுத்து, 1446இல் நாட்டிற்கு அறிவித்த எழுத்து அது. தம் நாட்டுப் பேச்சு சீன மொழியினின்றும் வேறுபட்டது. எளிய மக்கள் தாம் நினைப்பதைச் சீன எழுத்தால் வெளியிட முடியாமல் தவிக்கின்றனர். ஆகவே புதிய எழுத்துகளை அமைத்தேன் என்று அவ்வரசர் காரணம் கூறினார். மெய்யெழுத்துகளின் வடிவங்கள், அவற்றை ஒலிக்கும்போது நாவும் இதழும் பல்லும் தொண்டையும் கொள்ளும் நிலையைக் காட்டுமாறு வரையப்பட்டன. தொல்காப்பியர் பிறப்பியலில் எவ்வெவ்வொலி எங்கெங்குப் பிறக்கும் என்று சொல்லால் விளக்கினார் அல்லவா? சேஜோங் அதனைக் கோடாகவே வரைந்துவிட்டார் எனலாம். நாம் உயிர் என்பதை அவர்கள் இன்று 'தாய் ஒலி' என்றும், மெய் என்பதைச் 'சேய் ஒலி' என்றும் வழங்குகின்றனர். உயிரின்றி மெய் இயங்காது என்று நாம் சொல்ல, தாயின்றிச் சேய் இல்லை என்று அவர்கள் சொல்கின்றனர். தாயும் சேயும் கூடி ஒரு கட்டமாக, ஏறத்தாழ நம் உயிர்மெய் போல, எழுதப்படுகின்றன.

மற்றொன்றும் உண்டு. நமக்குக் ககரம் ஒன்றுதான். 'கல்' என்பதில் வல்லொலியாகவும், 'தங்கம்' என்பதில் மெல்லிய ஒலியாகவும் அதுவே ஒலிக்கிறது. இடம் நோக்கி ஒலி மாறும், எழுத்து மாறாது. கொரியத்திலும் அவ்வாறே. அவர்களுடைய ககரமும் தகரமும் பகரமும் சொல்லின் முதலில் ஒருவகையாகவும் இரு உயிர்களுக்கு நடுவில் வேறுவகையாகவும் ஒலிக்கும். வடமொழியாளர் தமிழில் எழுத்துக் குறைவு என்று சொல்லும்போதெல்லாம் நாம் கூறும் மறுமொழியை, கொரியரும் கூறலாம்.

இத்தகைய எழுத்தை அறிஞர்கள் ஏற்கவில்லை. அரசவைப் புலவர் சிலர் 1444இலேயே எதிர்த்து விண்ணப்பம் எழுதினர். சீன எழுத்தை விட்டுத் தனி எழுத்துக் கொள்வது நாகரிகமற்றோர் செயல் என்பது அவர்கள் கருத்து. அதன் பின்னர் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக, அரசு ஆவணமும் தேர்வும் புலமையும் சீன எழுத்திலேயே நடந்தன. ஹங்குல் 'பெண்களின் எழுத்து' என்று இகழப்பட்டது. இகழ்ச்சியாகச் சொன்னது உண்மையும் ஆயிற்று. அதனைப் போற்றிக் காத்தவர்கள் பெண்களே. மடல்களும் கதைகளும் அவர்கள் கையில் அவ்வெழுத்தில் வாழ்ந்தன.

ஹல்பர்ட் 1891 அளவில் ஒரு நூல் வெளியிட்டார். பெயர் 'சாமின்பில்ஜி'. கற்றோரும் பொதுமக்களும் அறிய வேண்டியவை என்பது அப்பெயரின் பொருள். உலக நிலவியலைக் கூறும் பாட நூல் அது. ஞாயிறும் கோள்களும் பற்றிய செய்தியில் தொடங்கி, ஒவ்வொரு நாட்டின் பரப்பு, விளைபொருள், ஆட்சிமுறை, கல்வி, சமயம் என விரிந்து செல்வது. முழுவதும் ஹங்குல் எழுத்தில், சீன எழுத்துக் கலப்பின்றி எழுதப்பட்டது. சீன எழுத்தைக் கற்பதற்கே வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது என்றும், ஆணும் பெண்ணும் எளிதில் கற்கும் சொந்த எழுத்தைக் கற்றோர் புறக்கணிப்பது வருந்தத்தக்கது என்றும் அதன் முன்னுரையில் கருத்துரைத்தார்.

எண்ணிப் பாருங்கள். வந்து ஐந்தாண்டுகளே ஆன ஓர் அயலார், தம்மை வரவழைத்த உயர்குடியினரின் கருத்திற்கு எதிராக, அவர்கள் இகழும் எழுத்தில், அவர்கள் வீட்டு வேலையாளும் படிக்கத்தக்க நூலை எழுதுகிறார். ஆங்கிலம் கற்பிக்கத்தானே ஊதியம்? ஆங்கிலத்தின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தால் போதாதா? உலக அறிவு வேண்டுமாயின் ஆங்கிலம் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவ்வாறு அவர் சொல்லவில்லை. உலகத்தையே உங்கள் எழுத்திற்குள் கொண்டுவருகிறேன் என்று செய்து காட்டினார்.

அதற்கு அடுத்து நடந்ததைத்தான் நான் என் வகுப்புகளில் மாணவியரிடம் மீண்டும் மீண்டும் சொல்வது வழக்கம். 1895இல் அரசு அந்நூலைச் சீன எழுத்து நடைக்கு மொழிபெயர்த்து வெளியிட்டது! எல்லார்க்கும் விளங்கிய நூலைக் கற்றோர் மதிக்க வேண்டுமாயின், எல்லார்க்கும் விளங்காத மொழிக்கு அதனை மாற்ற வேண்டியிருந்தது. நாம் இதனைக் கேட்டு நகைக்கலாம். ஆனால் அறிவியலைத் தமிழில் எழுதினால் பாடநூல் என்றும், அதனையே ஆங்கிலத்தில் எழுதினால் ஆராய்ச்சி என்றும் கருதும் வழக்கம் நம்மிடையே இல்லையா? நகைப்பைச் சற்றே அடக்கிக்கொள்வது நலம்.

இப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவிற்கு வருவது நம் மாவட்டத்தின் அறிவொளி இயக்கம். 1991, 1992 ஆண்டுகளில் நான் பள்ளிச் சிறுமி. மாலையில் தெருவிளக்கின் அடியிலும் கோயில் திண்ணையிலும் பாய் விரித்துப் பெண்கள் எழுத்துக் கூட்டிப் படித்த காட்சி இவ்வரங்கில் உள்ள பலர்க்கும் நினைவிருக்கும். கல்லுடைக்கும் பெண்களும் களை பறிக்கும் பெண்களும் கையெழுத்திடக் கற்றார்கள். பின்னர் மிதிவண்டி ஓட்டவும் கற்றார்கள். என் தாயாருடன் கூலி வேலைக்குச் சென்ற ஓர் அம்மையார், பேருந்தின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப்பெயரை முதன்முதலாகத் தாமே படித்துவிட்டு, அந்தப் பேருந்தில் ஏறாமல் அடுத்த பேருந்தின் பெயரையும் படிப்பதற்காக நின்றுகொண்டிருந்தார். எழுத்து எவருடைய உடைமை என்னும் கேள்வி சேஜோங் அரசரிடம் எழுந்தது; ஹல்பர்ட்டிடம் எழுந்தது; நம் தெருக்களிலும் எழுந்தது. அயல்நாட்டு ஆசிரியர் ஒருவரைப் பற்றிப் புதுக்கோட்டையில் பேச என்ன இருக்கிறது என்று எவரேனும் கருதினால், எனக்கு இதுவே விடை.

கவிஞர்கள் நிறைந்த அவையில் மற்றொரு செய்தியையும் சொல்லாமல் விடலாகாது. 1891இல் தாயகம் திரும்பிய ஹல்பர்ட் 1893இல் மெதடிஸ்டு சமயத் தொண்டராக மீண்டும் கொரியா வந்து அச்சகப் பொறுப்பை ஏற்றார். 1896இல் 'அரிராங்' என்னும் நாட்டுப்புறப் பாடலை மேலை இசைக் குறியீட்டில் முதன்முதலாகப் பதிவு செய்து வெளியிட்டார். நடவிலும் நடையிலும் தாலாட்டிலும் எவரும் பாடும் பாட்டு அது. கொரியர்க்கு உணவில் சோறு எத்தகையதோ, இசையில் இப்பாட்டு அத்தகையது. ஏனையவையெல்லாம் தொடுகறிகளே என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். சோற்றின் அருமை அறிந்தவரே இவ்வாறு ஒப்பிட முடியும். ரொட்டி உண்டு வளர்ந்த ஒருவர் பத்தாண்டுகளுக்குள் இவ்வுவமையை வந்தடைந்தார் என்பதே, அவர் அந்நாட்டில் குடியேறிவிட்டார் என்பதற்குச் சான்று. குடியிருப்பது வேறு, குடியேறுவது வேறு. அவ்வாண்டிலேயே தொடங்கப்பட்ட, முழுதும் ஹங்குலில் சொற்களுக்கு இடைவெளி விட்டு அச்சிட்ட 'சுதந்திரம்' என்னும் பொருள்படும் செய்தித்தாளுக்கும் அவர் உறுதுணையாக இருந்தார்.

இனி, நீங்கள் காத்திருக்கும் பகுதிக்கு வருகிறேன்.

1905இல் சியோல் நகரில் அவர் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழில் 'கொரிய மொழிக்கும் இந்தியத் திராவிட மொழிகளுக்குமான ஒப்பிலக்கணம்' என்று சொல்லலாம். அவருக்கு முன்னரே, கொரியத் திருச்சபை வரலாற்றை 1874இல் எழுதிய தாலே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இவ்வொப்புமையைச் சுட்டியிருந்தார். 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் ஹல்பர்ட்டின் முயற்சிக்குக் கைவிளக்காயிற்று. இடையன்குடியில் ஏற்றிய விளக்கு சியோலில் ஒளி தந்தது என்று கவிஞர்கள் பாடலாம், தடையில்லை.

அவர் வெறும் சொற்பட்டியல் போடவில்லை. ஒலி, பெயர், வேற்றுமை, எண், வினை என இலக்கணத்தை முறையாக எடுத்து ஒப்பிட்டார். இரு மொழிகளிலும் வினை இறுதியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னர் ஒட்டும். 'வந்த பையன்' என்று நாம் பெயரெச்சத்தால் சொல்வதை அவர்களும் எச்சத்தாலேயே சொல்வர். பெயருக்கு முன்னே நிற்கும் அடை பெயரோடு இயைந்து மாறாது. ஆங்கிலம் பேசி வளர்ந்த ஒருவருக்கு இவையெல்லாம் தலைகீழாகத் தோன்றும் அமைப்புகள். ஒரு மொழியில் இந்தத் தலைகீழ் நடையைப் பாடுபட்டுக் கற்றவர், கால்டுவெல்லின் நூலைப் புரட்டியபோது அதே நடையை மறுபடியும் கண்டு துள்ளியிருப்பார் என்று நான் ஊகிக்கிறேன். உறவு என்று அவர் முடிவு கட்டியதை அவ்விதம்தான் விளங்கிக்கொள்ள முடிகிறது.

ஆயினும் அம்முடிவு இன்று நிலைபெற்றதன்று. அமைப்பு ஒப்புமை மட்டும் உறவைக் காட்டாது. ஜப்பானியமும் துருக்கியமும்கூட இவ்வமைப்புடையனவே. சொல்லொப்புமைக்கு வருவோம். 'நான்' என்பதை 'நா' என்பதோடு ஒப்பிடுகிறோம். சங்க இலக்கியம் கற்ற நமக்குத் தெரியாததா? தன்மை ஒருமையின் பழைய வடிவம் 'யான்'. 'நான்' பிற்காலத்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த உறவைக் காட்டப் பின்னாளில் தோன்றிய வடிவம் எவ்வாறு சான்றாகும்? 'வா' என்று நாம் அழைக்க அவர்களும் 'வா' என்கின்றனர் என்று மகிழ்கிறோம். அவர்கள் வினையின் பகுதி 'ஓ' என்பதே. அதனோடு 'அ' என்னும் ஈறு சேர்ந்து அவ்வாறு ஒலிக்கிறது. 'அப்பா', 'அம்மா' போன்றவை குழந்தையின் இதழில் முதலில் எழும் ஒலிகள். உலகின் பல மொழிகளில் அவை உள்ளன. எண்ணுப்பெயர்கள் எளிதில் மாறாதவை. கொரியர் 'ஹனா, துல், செத், நெத்' என்று எண்ணுகின்றனர். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எங்கே?

உறவென்று சொல்ல, ஒலிகள் ஓர் ஒழுங்கோடு மாறியிருக்க வேண்டும். தமிழில் பால், பல், புலி. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி. பகரம் ஹகரமாவது ஒரு சொல்லில் அன்று, வரிசை வரிசையாக நிகழ்கிறது. இதுவே உடன்பிறப்பின் அடையாளம். தமிழுக்கும் கொரியத்திற்கும் இடையே இத்தகைய ஒழுங்கு, மொழியியலார் பொதுவாக ஏற்கும் வகையில் நிறுவப்படவில்லை. 'நாள்', 'புல்' போன்ற சில சொற்கள் சிந்திக்கத்தக்கவை. சில சொற்களைக் கொண்டு குடும்ப அட்டை வழங்க முடியாது. கி.பி. 48இல் 'அயுதா' நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து கொரிய அரசர் சூரோவை மணந்த ஹோ ஹ்வாங்-ஒக் அரசியைப் பற்றிப் பதின்மூன்றாம் நூற்றாண்டு நூலாகிய 'சாம்குக் யூசா' கூறுகிறது. அவ்வரசி எங்கிருந்து சென்றார் என்பதில் அயோத்தியும் போட்டியிடுகிறது, நம்மவரும் போட்டியிடுகின்றனர். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே பன்னிரண்டு நூற்றாண்டுகள் கிடக்கின்றன. இதற்குமேல் நான் அதில் நுழைய விரும்பவில்லை.

இவ்வாறு பேசுவதால் நான் தமிழின் பெருமையைக் குறைப்பதாகச் சிலர் கருதக்கூடும். அவர்களுக்கு என் விடை இது. உறவு இல்லாத மொழியாகவே இருக்கட்டும். அதனால் கொரியம் நமக்கு அயலாகிவிடுமா? ஹல்பர்ட்டுக்குக் கொரியம் எவ்வகையிலும் உறவன்று. அவர் பிறந்த மொழிக்கும் அதற்கும் ஒரு சொல்லும் பொதுவில்லை. ஆனாலும் அதனைத் தம் மொழியாக்கிக்கொண்டார். இரத்த உறவைத் தேடித் தேடி அலையும் நாம், கற்று அடையும் உறவை மறந்துவிட்டோம். நம் வீட்டுத் திண்ணையிலேயே சான்றில்லையா? வீரமாமுனிவர்க்கும் போப்புக்கும் தமிழ் என்ன உறவு?

ஹல்பர்ட் குறையே இல்லாதவர் அல்லர். ஜப்பானின் நோக்கத்தைச் சில காலம் நல்லெண்ணத்தோடு நம்பியவர். இனங்களைப் பற்றி அவர் எழுதிய சில கருத்துகள் அக்காலத்து மேலைநாட்டார் கருத்துகளே. ஆனால் உண்மை விளங்கியபின் அவர் நின்ற இடம் தெளிவானது. 1895இல் அரசி கொல்லப்பட்டபின் அஞ்சியிருந்த அரசர்க்கு இரவுக் காவலாக நின்ற அயல்நாட்டாருள் அவரும் ஒருவர். 1905இல் கொரியாவின் உரிமையைப் பறிக்கும் ஒப்பந்தம் சுமத்தப்பட்டபோது, அரசரின் மடலோடு வாஷிங்டன் சென்றார். அமெரிக்க அரசு செவிசாய்க்கவில்லை. 1907இல் ஹேக் நகரில் நடைபெற்ற அமைதி மாநாட்டிற்கு அரசர் மறைவாக அனுப்பிய மூன்று தூதர்க்குத் துணையாக அங்கும் சென்றார்; மாநாட்டின் கதவு திறக்கவில்லை. அதன் பின்னர் அவர் கொரியாவில் வாழ இயலாது போயிற்று. அமெரிக்காவில் இருந்தவாறே அந்நாட்டின் விடுதலைக்காகப் பேசியும் எழுதியும் வந்தார்.

1949 ஜூலை 29 அன்று, விடுதலை பெற்ற தென்கொரியாவின் அழைப்பை ஏற்று, எண்பத்தாறு வயதில் மீண்டும் அம்மண்ணை மிதித்தார். ஒரு வாரத்தில், ஆகஸ்டு 5ஆம் நாள் காலமானார். தாம் பிறந்த மரபினர் பெரும்பேறாகக் கருதும் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தினும் கொரிய மண்ணிலேயே புதைக்கப்பட விரும்புவதாக அவர் கூறியிருந்தார். சியோலில் ஹான் ஆற்றங்கரையை அடுத்த யாங்ஹ்வாஜின் கல்லறைத் தோட்டத்தில் அவ்விருப்பம் நிறைவேறியது. 2014ஆம் ஆண்டு ஹங்குல் நாளன்று, அவ்வெழுத்திற்கு ஆற்றிய தொண்டிற்காகக் கொரிய அரசு அவருக்குப் பண்பாட்டு விருது வழங்கிச் சிறப்பித்தது.

சென்ற ஆண்டு, ஆங்கில இலக்கியம் பயின்ற நம் மாவட்டத்து மாணவி ஒருவர் என்னிடம் வந்து, கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்லலாமா என்று கேட்டார். தமிழாசிரியரிடம் இக்கேள்வி ஏன் என்று நினைத்தேன். கொரியமும் தமிழும் ஒன்று என்று எங்கோ படித்திருக்கிறார், எளிதில் கற்றுவிடலாம் என்னும் நம்பிக்கை! பணி பெறும் வழி அத்தனை அகலமன்று. 1995 முதல் அந்நாட்டு அரசு வெளிநாட்டு ஆசிரியர்களை அழைத்து வருகிறது; அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்னும் ஏழு நாட்டாரையே தாய்மொழியாளர் எனக் கொள்கிறது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார உடன்பாட்டின் வழியே, ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் உடைய இந்தியர்க்குத் துணை ஆசிரியராகும் சிறு வாயில் திறந்தது. இவற்றைச் சொன்னேன். அதற்குமேல் அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன்.

அங்கே ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள். 'சொன்செங்நிம்' என்பார்கள். முன்னர்ப் பிறந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். ஈற்றிலுள்ள 'நிம்', நம் 'அவர்கள்' போன்றது. வாசலில் காலணியைக் கழற்றுவதும், மூத்தோர்க்கு எதனையும் இருகையால் கொடுப்பதும் வாங்குவதும் நம் வீட்டுப் பெண்ணுக்குப் புதியனவாக இரா. குளிர்காலத்தில் தரைக்கடியில் வெப்பம் பாய்ச்சிய அறையில் பாய் விரித்துப் படுப்பது மட்டும் புதுமையாக இருக்கும். அக்காள், அண்ணன் என்று உறவுமுறை சொல்லி அயலாரை அழைக்கும் வழக்கம் அங்கும் உண்டு. முதற்சந்திப்பிலேயே வயதைக் கேட்பார்கள். துன்புறுத்துவதற்காக அன்று, எந்த மரியாதையில் பேசுவது என்று முடிவு செய்வதற்காக. 'வா', 'வாருங்கள்' என்று நமக்கு இருப்பதைவிட அவர்களுக்குப் படிகள் மிகுதி. ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதியிலும் அது வெளிப்பட்டுவிடும். புதிய ஆசிரியர் சறுக்கும் இடம் இதுவே. நாள் முழுதும் குழந்தைகளோடு இருப்பதால் குழந்தைகளின் பேச்சையே முதலில் கற்றுக்கொள்வார். அதே பேச்சில் தலைமையாசிரியரிடம் பேசினால் அவமதிப்பாகிவிடும். நம் ஊருக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் தெருப்பிள்ளைகளிடம் தமிழ் கற்று, ஊர்ப் பெரியவரைப் பார்த்து 'இங்கே வாடா' என்றால் எப்படியிருக்கும்? ஆகவே முதியோரிடமும் கற்றுக்கொள், கடைக்காரப் பெண்மணியிடமும் கற்றுக்கொள் என்றேன். ஆங்கிலம் கற்பிப்பது பகலில். கொரியம் கற்பது மாலையில். மாலையை விட்டுவிட்டால் ஒப்பந்தம் முடியும் நாளை எண்ணிக்கொண்டு விடுதி அறையில் இருக்க வேண்டியதுதான்.

அம்மாணவி இன்னும் விண்ணப்பிக்கவில்லை. ஹங்குல் எழுத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறார். நான்கு நாளில் முடியவில்லை அம்மா, ஒன்பது நாள் ஆயிற்று என்று செய்தி அனுப்பியிருந்தார்.

ஹல்பர்ட்டின் ஒப்பிலக்கண நூலின் ஒளிப்படி ஒன்றைக் கொண்டுவந்து மேடையின் இடப்புற மேசையில் வைத்திருக்கிறேன். 'நா' என்பதை அவர் எந்தத் திராவிட வடிவத்தோடு ஒப்பிட்டிருக்கிறார் என்பதையும், 'யான்' என்னும் பழைய வடிவத்தை எவ்வாறு எதிர்கொள்கிறார் என்பதையும் நம் வட்டத்து இலக்கண ஆர்வலர் இருவர் அடுத்த மாதக் கூட்டத்திற்குள் படித்து வந்தால், அங்கிருந்து உரையாடலைத் தொடரலாம்.